அவசரகாலத் திட்டத்தில் பெயர் எழுதியிருக்கிறதா?

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. ஜப்பானில் பெரும் நிலநடுக்கம். இஷினோமாக்கி நகரின் ஒகாவா தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் வெளியே வந்து திடலில் வரிசையாக நின்றார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. ஆழிப்பேரலை வந்து சேர ஏறத்தாழ 50 நிமிடம் இருந்தது. அதில் பெரும்பகுதி, எங்கே போவது என்ற பேச்சிலேயே கழிந்தது. 74 குழந்தைகளையும் 10 ஆசிரியர்களையும் அலை கொண்டுபோனது. அந்தப் பள்ளியில் கையேடு இல்லாமல் இல்லை. திடலை விட்டு அடுத்துப் போகவேண்டிய இடம் 'அருகிலுள்ள காலியிடம், பூங்கா முதலியன' என்று அதில் இருந்தது. எந்தக் காலியிடம், எந்தப் பூங்கா என்று இல்லை.

பள்ளி, கல்லூரிகளின் திட்டங்களைப் புரட்டினால் இதே குறைதான் மறுபடி மறுபடி கண்ணில் படும். 'பொறுப்பாளர் முடிவெடுப்பார்', 'பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்லவும்'. முடிவெடுப்பவர் யார்? அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவர் யார், அவருக்கும் அடுத்தவர் யார்? மூன்று பெயர்களாவது வேண்டும். மேலிடத்தைக் கேட்காமலே கட்டடத்தைக் காலிசெய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும்.

கல்லூரி வளாகத்தில் இது இன்னும் கடினம். 2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக விடுதியில் காலை 7.15 வாக்கில் முதல் துப்பாக்கிச் சூடு நடந்தது. வளாகத்துக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26க்கு. சிறிது நேரத்தில் வகுப்புக் கட்டடத்தில் இரண்டாம் தாக்குதல் தொடங்கிவிட்டது. எச்சரிக்கை வாசகங்களை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: தீ, ரசாயனக் கசிவு, வெள்ளம், வளாகத்தில் ஆயுதத்துடன் ஆள். ஒவ்வொன்றும் இரண்டு வரி. என்ன நடந்தது, எங்கே, இப்போது என்ன செய்ய வேண்டும். குறுஞ்செய்தி, ஒலிபெருக்கி, மின்னஞ்சல் மூன்றிலும் ஒரே வாசகம் போக வேண்டும்.

வெளியே வந்த பிறகு தலைக்கணக்கு. பெரும்பாலான ஒத்திகைகள் கோட்டைவிடுவது இங்கேதான். ஒவ்வொரு வகுப்பறைக் கதவருகிலும் ஒரு பை தொங்கட்டும். அதில் அச்சிட்ட பெயர்ப்பட்டியல், பேனா, விசில், ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் சிவப்புமான அட்டை. மின்சாரமும் இணையமும் போனால் கணினியிலுள்ள வருகைப் பதிவு உதவாது. எல்லாரும் இருந்தால் பச்சை. ஒருவர் குறைந்தாலும், காயம்பட்டாலும், வேறு வகுப்புக் குழந்தை வந்து சேர்ந்திருந்தாலும் சிவப்பு. அந்தக் கடைசிச் சங்கதியை விட்டுவிடுவார்கள். கழிப்பறைக்குப் போன குழந்தை இன்னொரு வரிசையில் பத்திரமாக நிற்கும். அதைத் தேடி ஒருவர் புகைக்குள் போவார்.

கட்டடம் காலியாக எவ்வளவு நேரம், கணக்கு முடிய எவ்வளவு நேரம் என்று இரண்டையும் தனித்தனியே குறியுங்கள். முதல் எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். முன்னறிவிப்போடு, எப்போதும் காலை இரண்டாம் பாடவேளையில் நடக்கும் ஒத்திகை வரிசையில் நிற்க மட்டுமே பழக்கும். உணவு இடைவேளையில் நடத்துங்கள். ஒரு மாடிப்படியை 'இங்கே புகை' என்ற பலகையால் மறித்துப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வரும் மாணவரை மேல்மாடியிலிருந்து இறக்குவது யார் யார் என்பதும் அப்போதுதான் தெரியவரும். மின்தூக்கியை நம்ப முடியாது.

சாதனங்களில் ஓரிரண்டைச் சொல்லியாக வேண்டும். 6 கிலோ உலர்தூள் தீயணைப்பான் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். குப்பைக்கூடைத் தீக்குப் போதும், கூரை பிடித்த தீக்குப் போதாது. அதன் அழுத்தமுள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் கண்ணில் அமிலம் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். வாரந்தோறும் திறந்துவிடாத கண்கழுவிக் குழாயிலிருந்து துருநீர்தான் வரும். ஆஸ்துமா குழந்தையின் இன்ஹேலரைப் பூட்டிய அலமாரியில் வைக்காதீர்கள்.

கடைசி வேலை, குழந்தைகளைப் பெற்றோரிடம் ஒப்படைப்பது. இதைப் பற்றிப் பல திட்டங்களில் ஒரு வரிகூட இருப்பதில்லை. பதறி வரும் பெற்றோர் வாசலில் குவிந்தால் ஆம்புலன்சுக்கு வழியில்லை. நடந்து போகும் தூரத்தில் ஓர் இடமும், வண்டியில் போகும் தூரத்தில் இன்னோர் இடமும் முன்பே பேசி வையுங்கள். பெற்றோர் ஒரு வாசலில் அடையாள அட்டையைக் காட்டிச் சீட்டு எழுதித் தரட்டும். அழைத்துச் செல்ல அனுமதி பெற்றவர்கள் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகு ஓர் ஊழியர் போய்க் குழந்தையை வேறொரு வாசலுக்குக் கூட்டி வரட்டும். நேரமும் கையெழுத்தும் கட்டாயம். குழந்தைகள் இருக்கும் இடம் பெற்றோர் வரிசையிலிருந்து தெரியக்கூடாது. தெரிந்தால் வரிசை உடையும். காயம்பட்ட குழந்தையின் பெற்றோரைத் தனி அறைக்கு அழைத்துச் சொல்ல ஒருவரையும், யாரும் வராத குழந்தையோடு கடைசிவரை இருக்க இருவரையும் இப்போதே பெயர் எழுதி வையுங்கள்.