பாதி கலைந்த கரு: இரத்தம் ஏன் நிற்பதில்லை?

"கரு கலைந்து பத்து நாளாயிற்று. நின்ற இரத்தம் மறுபடி கட்டிகட்டியாகப் போகிறது. கர்ப்பச் சோதனைக் குச்சியோ இன்னும் இரண்டு கோடு காட்டுகிறது" என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த் வாசகி ஒருவர் எழுதிக் கேட்கிறார்.

அந்த இரண்டு கோட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கரு போன பின்பும், அந்தக் குச்சி கண்டுபிடிக்கிற எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் சில வாரம் உடலில் தங்கும். கவனிக்க வேண்டியது இரத்தத்தைத்தான்.

கருப்பைத் தசை கூடை முடைந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கிறது. பின்னலின் இடுக்குகள் வழியே சுருள் தமனிகள் நஞ்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுபோகின்றன. கர்ப்பம் தரித்ததும் நஞ்சுக்கொடியின் அணுக்கள் அந்தத் தமனிகளின் முனைக்குள் புகுந்து, தசைப் பூச்சை மெல்ல அரித்து, அவற்றை அகன்ற குழாய்களாக்கத் தொடங்குகின்றன. விரலில் வெட்டுப்பட்டால் தமனி தானே இறுகிக்கொள்ளும். இப்படி மாறிப்போன குழாய்க்கு அந்தத் திறமை குறைவு. சுற்றியுள்ள பின்னல்தான் அதை நெரிக்க வேண்டும். கருப்பை காலியானால் பின்னல் இறுகி, ஒவ்வொரு தமனிக்கும் சுருக்குப் போட்டுவிடும். என்ன அழகான ஏற்பாடு! ஆனால் நஞ்சுக்கொடியின் ஒரு துண்டு உள்ளே ஒட்டியிருந்தால் தசை முழுதாக இறுகாது, இரத்தம் ஓயாது. செத்த திசுவில் கிருமியும் பெருகும். துண்டு கருப்பை வாயில் சிக்கினால் இன்னொரு விபரீதம்: நரம்புத் தூண்டலால் நாடி குறைந்து, போன இரத்தத்துக்குப் பொருந்தாத மயக்கம் வரும். அதை எடுத்துவிட்டால் பெரும்பாலும் உடனே தெளியும்.

மணிக்கு இரண்டு பெரிய பேட் முழுதாக நனைந்து, இரண்டு மணி நேரம் அப்படியே நீடித்தாலோ, மயக்கம், 38 டிகிரி காய்ச்சல், துர்நாற்றம் இருந்தாலோ, உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒருபக்க வயிற்றுவலியோடு தோள் முனையும் வலித்தால் அது கருக்குழாய்க் கர்ப்பமாக இருக்கலாம், தாமதிக்கவே கூடாது. ஆம்புலன்சுக்கு 10177, கைப்பேசியில் 112. இவை இல்லாமல், நின்ற இரத்தம் வாசகிக்கு வந்ததுபோல் மறுபடி கூடினால், அன்றைக்கே கிளினிக்.

ஸ்கேனில் துண்டு தெரிந்து, உடல்நிலை சீராக இருந்தால், அது தானே வெளிவரக் காத்திருக்கலாம். அல்லது முதல் மூன்று மாதக் கர்ப்பத்துக்கு, கருப்பையை இறுகவைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை 600 மைக்ரோகிராம் ஒரே தடவை விழுங்கத் தருவார்கள். நாக்கடியில் என்றால் 400. இரத்தம் மிகுந்தாலோ கிருமி பிடித்தாலோ உறிஞ்சி எடுப்பார்கள். அதற்கு 60 மில்லி கைச்சிரிஞ்சு போதும், மின்சாரமே வேண்டாம். இவ்வளவு மலிவான கருவி இருக்கையில் இரும்புக் கரண்டியால் சுரண்டும் பழைய முறையை இன்னும் கட்டி அழுவது எனக்குப் புரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அதை வேண்டாம் என்கிறது.

பப்பாளி, திருஷ்டி, பாரம் தூக்கியது என்று வீட்டில் குற்றம் தேடுவார்கள். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் பிழை. மாமியார் பார்வைக்கு அங்கே வேலையில்லை.

டாம்பன் வேண்டாம், பேட்தான். கடைசி மாதவிடாய்த் தேதி, இரத்த வகை, நனைந்த பேட் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். வெளிவந்த திசுவைச் சுத்தமான டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். கலைக்க மாத்திரை போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், சிகிச்சை ஒன்றுதான். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு.