எத்யூட் எப்படி 'ஆய்வு' ஆனது?

'லிகெட்டியின் பியானோ ஆய்வுகள்' என்று மறுபடியும் ஒரு கட்டுரையில் படித்தேன். முதல் முறை என்றால் அச்சுப்பிழை என்று விட்டிருப்பேன். விவரம் அறியாதவர் படித்தால், இசையமைப்பாளர் லிகெட்டியை முனைவர் பட்டத்துக்கு உழைத்தவர் என்றே நினைப்பார்.

அங்கே ஆய்வு என்று வந்திருப்பது எத்யூட்: ஏதேனும் ஒரு வாசிப்புச் சிக்கலை மையமாக வைத்து எழுதும் கருவியிசை. எத்யூட் பிரெஞ்சுச் சொல். வேர், லத்தீனின் ஸ்டூடியம். ஊக்கம், முனைந்த ஈடுபாடு என்று பொருள். படிப்பு என்ற பொருள் பின்னால் வந்தது. வேர்க்கதை இவ்வளவு போதும்.

ஆங்கிலத்தில் இந்த இசைவகைக்கு 'ஸ்டடி' என்றும் பெயருண்டு. மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்தார், ஆய்வு கிடைத்தது, மூடிவிட்டார். இசையைக் கேட்டாரா என்று கேட்கக் கூடாது போலும். ஆய்பவர் பொருளிலிருந்து எட்ட நிற்பார். எத்யூடிலோ விரலும் சிக்கலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன.

'பயிற்சிப் பாடல்' என்பாரும் உண்டு. சொற்களே இல்லாதது எப்படிப் பாடல்? அது போகட்டும், பயிற்சி என்பதாவது பொருந்துகிறதா? விரல் பயிற்சிகளை எழுதிக் குவித்த செர்னிக்குப் பொருந்தும். 1833இல் ஷோபானின் முதல் பன்னிரண்டு எத்யூட்கள் வெளிவந்தபின், விரல் பழக்க எழுதியதே மேடைக்கும் உரியதாகிவிட்டது. 1915இல் தெபுஸ்ஸி எழுதிய பன்னிரண்டில் முதலாவது, செர்னியையே சீண்டுகிறது: ஐந்து விரல் பாடம் அடக்கமாகத் தொடங்க, ஒட்டாத சுரமொன்று குறுக்கே வந்து குத்துகிறது.

1985 முதல் 2001 வரை லிகெட்டி எழுதியவை பதினெட்டு. முதலாவதன் பெயர் 'ஒழுங்கின்மை'. வலக்கைக்கு வெள்ளைக் கட்டைகள் மட்டும், இடக்கைக்குக் கறுப்பு மட்டும். இரு கைகளின் அழுத்தங்களும் சேர்ந்தே புறப்படுகின்றன; வலக்கையில் அவ்வப்போது ஒரு துடிப்பு குறைய, ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. கணக்குப் பிசகாமல் எழுதிய குழப்பம்! இதில் சிக்கலை நீக்கினால் இசையே மிஞ்சாது. இதையா பயிற்சிப் பாடல் என்பது?

கர்நாடக இசையில் அப்பியாச கானம், அதாவது பயிற்சிக்கான இசை, என்ற பிரிவு உண்டு. அதில் தொடக்கப் பாடமான சரளி வரிசை கச்சேரிக்கு வராது. வர்ணம் பயிற்சிக்கும் உதவும், மேடையும் ஏறும். எத்யூடுக்கு நெருங்கிய உறவு அதுதான். ஆனால் வர்ணம் என்றே பெயர்த்தால் ராகமும் தாளமும் பல்லவியும் கூடவே வந்துவிடும்.

என் பரிந்துரை 'பயிலிசை'. வினைத்தொகை என்பதால் பயின்ற, பயில்கின்ற, பயிலும் இசை மூன்றும் அதில் அடக்கம். பயிலுதல் பழகுதலை மட்டுமல்ல, அடர்ந்திருப்பதையும் குறிக்கும். லிகெட்டிக்கு அதுவும் தேவை. பிடிக்காதவர்கள் சொனாட்டாவைச் சொனாட்டா என்பதுபோல எத்யூட் என்றே எழுதட்டும். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.