பெரிய வழக்குகளில் ஜாமீன்: கோர்ட் எதைப் பார்க்கிறது?

கொலை வழக்கில் கைதானவர் மூன்று மாதத்தில் ஜாமீனில் வந்துவிட்டால், கேஸே முடிந்துவிட்டது என்று பேசிக்கொள்வார்கள். அப்படி இல்லை. குற்றவாளியா இல்லையா என்பதை ஜாமீன் மனுவில் யாரும் தீர்மானிப்பதில்லை. விசாரணை முடியும்வரை இவரை உள்ளேயே வைத்திருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் இதற்கான சட்டம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. தூக்கு அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றத்தைச் செய்திருப்பார் என நம்ப நியாயமான காரணம் இருந்தால், மாஜிஸ்திரேட் ஜாமீன் தரக் கூடாது என்கிறது அதன் 480-ஆம் பிரிவு. பெண்கள், சிறார், நோயாளிகளுக்கு மட்டும் தளர்வு காட்டலாம். அதனால் இத்தகைய மனுக்கள் 483-ஆம் பிரிவின்கீழ் செஷன்ஸ் கோர்ட்டுக்கோ ஹைகோர்ட்டுக்கோ போகின்றன.

அங்கே முதலில் பார்ப்பது மூன்று: ஆள் தலைமறைவாவாரா, சாட்சிகளை மிரட்டுவாரா, ஆதாரங்களைக் கலைப்பாரா. குற்றத்தின் தன்மை, பழைய வழக்குகள், உள்ளே இருந்த காலம் எல்லாம் கூடவே எடை போடப்படும். 'இவர் அப்பாவி' என்று பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, நிலையான முகவரியும் வேலையும் இருக்கிறது, புலன்விசாரணை முடிந்துவிட்டது என்று காட்டுவதே நல்லது என்பேன்.

போதைப்பொருள் வழக்கில் வணிக அளவு, அதாவது சட்டம் பெரிய அளவு என்று வரையறுத்தது, பிடிபட்டால் கதை வேறு. அரசு வக்கீல் எதிர்த்தால், குற்றம் செய்யவில்லை என நம்பக் காரணம் இருக்கிறது, வெளியே போய்க் குற்றம் செய்யமாட்டார் என்ற இரண்டிலும் கோர்ட் திருப்தியடைய வேண்டும். பணமோசடித் தடுப்புச் சட்டத்திலும் இதே இரட்டை நிபந்தனைதான். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில், குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மை என்று தோன்றினாலே ஜாமீன் இல்லை. ஆனாலும் விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தால் இந்தத் தடையை மீறி ஹைகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் ஜாமீன் தரலாம் என்று 2021-இல் கே.ஏ.நஜீப் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

சரி, குடும்பத்தார் பலருக்கும் தெரியாத வழி ஒன்று உண்டு. 10 ஆண்டோ அதற்கு மேலோ, ஆயுளோ தூக்கோ விதிக்கக்கூடிய குற்றம் என்றால் 90 நாளுக்குள், மற்றவற்றில் 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். குற்றம் எவ்வளவு கொடியது என்ற வாதம் அங்கே எடுபடாது. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்க உத்தரவிட்ட நாளிலிருந்து, அந்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும், கைதான நாளிலிருந்து அல்ல. சில சிறப்புச் சட்டங்களில் இது 180 நாள் வரையும் போகும். கெடு முடிந்ததும் உடனே கேட்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போச்சு. அதனால் ரிமாண்ட் தேதியை வீட்டில் யாராவது குறித்துவைத்து, வக்கீலுக்கு நினைவூட்டிக்கொண்டே இருங்கள்.

ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் சிறையிலேயே இருப்பவர்கள் உண்டு. 7 நாளில் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கட்ட முடியாவிட்டால் கோர்ட் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம். இது 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தந்த உத்தரவு. ஆணைக்குழுவில் வக்கீல் உதவி இலவசம், சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்பும் கிடையாது.