கூர்முகட்டில் குளிரும் நிதானமும்: பென் நெவிஸ் சுற்றுப்பாதையில் ஏறுவோருக்கு

ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மருத்துவமனை ஒன்றில், அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரப்படுபவர்களில் கணுக்கால் முறிந்தவர்கள் உண்டு, தலையில் அடிபட்டவர்கள் உண்டு. எனினும் என்னை அதிகம் கவலையுறச் செய்பவர்கள் உடலில் காயமே இல்லாமல் வருபவர்கள். முதுகுப்பையில் உலர்ந்த கம்பளிச் சட்டையும் பிரிக்கப்படாத சாக்லேட்டும் பத்திரமாக இருக்கும். அவர்களோ தோல்வரை நனைந்த பருத்திச் சட்டையோடு, கேட்ட கேள்விக்குக் குழறலாகப் பதில் சொல்லிக்கொண்டு படுத்திருப்பார்கள். பையில் இருந்ததை ஏன் எடுத்து அணியவில்லை என்று பின்னர் கேட்டால், பெரும்பாலும் வரும் விடை, “தோன்றவில்லை” என்பதுதான். அதை நான் கவனக்குறைவாகக் கருதுவதில்லை. உடல்வெப்பக் குறைவின் தொடக்க அறிகுறியே அது.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதையே உடல்வெப்பக் குறைவு என்கிறோம். 35-க்கும் 32-க்கும் இடைப்பட்ட முதல் கட்டத்தில் நடுக்கம் கடுமையாக இருக்கும், விரல்கள் ஜிப்பை இழுக்க மறுக்கும், பேச்சு தடுமாறும், தட்டையான இடத்திலும் கால் இடறும். இவற்றோடு, பல வேளைகளில் இவற்றுக்கு முன்பாகவே, சிந்தனை மந்தமாகிறது. திரும்பிப் போகலாமா என்ற எண்ணம் எழாது. வரைபடத்தைப் பார்ப்பது வீண்வேலையாகப் படும். முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பது போதும் என்று தோன்றும். 32 டிகிரிக்குக் கீழே நடுக்கம் படிப்படியாக நின்றுவிடும். உடன் வந்தவர்கள் அதைப் பார்த்து, ஆள் தேறிவிட்டார் என்று நிம்மதி அடைவதுண்டு; உண்மையில் உயிருக்கு ஆபத்து தொடங்குவது அங்கேதான். ஆகவே மலைமேல் எடுக்க வேண்டிய முடிவுகளில் முக்கியமானவற்றை, மனம் தெளிவாக இருக்கும்போதே, அடிவாரத்தில் எடுத்துவைத்துவிட வேண்டும் என்பதை நான் அழுத்தமாகச் சொல்கிறேன்.

இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு, பிரிட்டனின் மிக உயர்ந்த மலையான 1,345 மீட்டர் பென் நெவிசை, அதன் அண்டை மலையான கார்ன் மோர் ஜெரக்கின் வழியாகச் சுற்றிவரும் பாதை. போர்ட் வில்லியம் நகரை அடுத்த டோர்லண்டியில் உள்ள வடமுகக் கார் நிறுத்தத்தில் தொடங்கி, காட்டைக் கடந்து, சதுப்பான சரிவில் ஏறி, 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த கார்ன் மோர் ஜெரக் உச்சியை முதலில் அடைய வேண்டும். அங்கிருந்து இரு மலைகளையும் இணைக்கும் கூர்முகடு வில்போல் வளைந்து செல்கிறது. இளஞ்சிவப்புக் கருங்கற்பாறைகள் குவிந்த அந்த முகட்டின் இருபுறமும் செங்குத்தான சரிவு. பல இடங்களில் கையையும் ஊன்றித்தான் நகர வேண்டும். அதன் முடிவில், ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்குப் பெரும் பாறைத்துண்டுகள் சிதறிய மேட்டில் ஏறினால்தான் பென் நெவிஸ் உச்சி. மொத்த தொலைவு ஏறக்குறைய 17 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் ஏறக்குறைய 1,500 மீட்டர். இங்கே சுற்றுலாப் பயணிகள் வழக்கமாக ஏறும் மலைப்பாதையோடு இதை ஒப்பிடவே கூடாது. அனுமதிச் சீட்டோ வாயிற்காவலோ வழிகாட்டியைக் கட்டாயமாக்கும் விதியோ இல்லை. 2003-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் மலையில் நடமாடும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமையை நான் பெரிதும் மதிக்கிறேன். தகுதியில்லாத நாளில் யாரும் தடுக்க மாட்டார்கள் என்பதும் அதனுள் அடங்கியிருக்கிறது.

எடுக்க வேண்டிய முதல் முடிவு நேரத்தைப் பற்றியது. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் வகுத்த விதி, கிடைத்தொலைவில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும், ஏற்றத்தில் 600 மீட்டருக்கு ஒரு மணி நேரமும் கணக்கிடச் சொல்கிறது. அதன்படி இச்சுற்று ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் முடிய வேண்டும். ஆனால் அந்த விதி ஓய்வையோ, ஒவ்வொரு காலடியையும் பார்த்து வைக்க வேண்டிய பாறைக்குவியலையோ கணக்கில் கொள்வதில்லை. நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்கே பத்து மணி நேரத்தை ஒதுக்குவதுதான் முறை. ஜூன் மாதத்தில் வெளிச்சம் தாராளமாக இருக்கும்; டிசம்பரின் பிற்பகுதியிலோ பகற்பொழுது ஏழு மணி நேரம்கூட இல்லை, அதோடு பனிக்கோடரியும் கிராம்பன்களும் (காலணியின் அடியில் மாட்டும் இரும்பு முட்கள்) அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் இல்லாதவர்களுக்குக் குளிர்காலத்தில் இந்த முகட்டில் இடமே இல்லை. எந்தப் பருவமானாலும், கார்ன் மோர் ஜெரக் உச்சியை எத்தனை மணிக்குள் அடையாவிட்டால் திரும்புவோம் என்பதைப் புறப்படும் முன்பே ஒரு தாளில் எழுதி, குழுவில் எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள். அந்த உச்சிதான் எளிதாகத் திரும்பக்கூடிய கடைசி இடம். முகட்டின் நடுவில் மனம் மாறினால், எந்தப் பக்கமும் சுலபமாக இறங்கும் வழி கிடையாது.

இரண்டாவது முடிவு வானிலையைப் பற்றியது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு, ஏழு டிகிரி குறையும். போர்ட் வில்லியமில் 15 டிகிரி இருக்கும் கோடை நாளில் உச்சியில் ஆறு அல்லது ஏழு டிகிரிதான் இருக்கும்; அதன்மேல் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது உறைநிலைக்கு நிகரானது. நனைந்த துணி உடல்வெப்பத்தை மிக வேகமாக உறிஞ்சுவதால், ஜீன்சும் பருத்திப் பனியனும் இம்மலையில் ஆபத்தானவை. எனவே நகரத்துக்கான வானிலை அறிக்கையை நம்பாமல், மலைகளுக்கென்றே தனியாக வெளியிடப்படும் முன்னறிவிப்பில், முகட்டு உயரத்தின் காற்று வேகத்தையும் மேகத்தின் அடிமட்டத்தையும் பாருங்கள். நீர்புகா மேலாடையையும் கையுறையையும் நடுங்கத் தொடங்கிய பின் அல்ல, முகட்டில் கால் வைக்கும் முன்பே, காற்று மறைவான இடத்தில் நின்று அணிந்துகொள்ளுங்கள். அந்த இடத்திலேயே எல்லோரும் எதையாவது உண்ணுங்கள். நடுக்கம் உடலைச் சூடாக்கும் வேலை. அதற்கு மாவுச்சத்து எரிபொருள். இன்சுலின் எடுத்துக்கொள்பவர்கள் இதைப் பற்றித் தங்கள் மருத்துவரோடு முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

இடியுடன் கூடிய மழை எதிர்பார்க்கப்படும் நாளில் இந்த முகடு அறவே கூடாது. பென் நெவிஸ் உச்சியில் 1883 முதல் 1904 வரை ஒரு வானிலை ஆய்வகம் இயங்கியது. அதன் இடிபாடுகளை இன்றும் காணலாம். 1894-இல் அங்கே தங்கிப் பணியாற்றிய இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன், மேகத்தின்மீது தெரிந்த ஒளிவளையங்களைக் கண்டு வியந்ததன் தொடர்ச்சியாகவே, மின்னூட்டம் கொண்ட நுண்துகள்களின் தடங்களைக் கண்ணுக்குக் காட்டும் கருவியான மேக அறையை உருவாக்கி, 1927-இல் நோபல் பரிசு பெற்றார். அதே வில்சன் 1895 ஜூனில் கார்ன் மோர் ஜெரக் மேல் நின்றபோது, தலைமுடி சிலிர்த்து எழுவதை உணர்ந்ததும் சரிவில் ஓடி இறங்கினார். இறங்கும்போதே புயல் வெடித்தது. காற்றில் உள்ள மின்சாரத்தைப் பற்றி அவர் பின்னாளில் செய்த ஆய்வுகளுக்கு அந்த நாளே தூண்டுதல். தலைமுடி சிலிர்ப்பதை உணரும் வரை நாம் காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது முடிவு, உச்சியிலிருந்து இறங்கும் திசை. மேகம் மூடிய உச்சிச் சமவெளியில் வழி தவறுவது எளிது: வலப்புறம் கார்டிலூ பள்ளத்தின் வாய் பாதைக்கு மிக அருகில் இருக்கிறது, வசந்தகாலம் முடியும் வரை அதன் விளிம்பில் பனி வெளிநோக்கி நீண்டு தொங்கும்; அதற்கு அஞ்சி இடப்புறம் அதிகம் ஒதுங்கினால் ஐந்துவிரல் பள்ளத்தின் சரிவு வந்துவிடும். பல உயிர்கள் போன இடங்கள் இவை. உச்சியிலுள்ள அளவைத் தூணிலிருந்து வரைபடக் கட்டத்தின்படி (அதாவது வரைபடத்தின் கட்டக்கோடுகள் காட்டும் வடக்கிலிருந்து அளந்து) 231 டிகிரி திசையில் 150 மீட்டர், அதன்பின் 282 டிகிரி திசையில் மலைப்பாதையின் வளைவுகள் தொடங்கும் வரை என்பதே நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் வழி. இந்த எண்களை உங்கள் வரைபடத்தில் வைத்து நீங்களே சரிபார்த்து, ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். குளிரில் கைப்பேசியின் மின்கலம் விரைவில் தீரும், ஈரமான விரலுக்குத் திரை இணங்காது. காகித வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொண்டுபோவதோடு, மழையில்லாத ஒரு சிறு குன்றில் அவற்றைப் பழகிக்கொள்ளவும் வேண்டும்.

உடன் வருபவர் பின்தங்கினால், எரிச்சலோடு பேசினால், அல்லது காரணமில்லாமல் மௌனமானால், அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். காற்று மறைவில் நிறுத்தி, கூடாரத்துணி அல்லது உயிர்காப்புப் பையினுள் எல்லோரும் நுழைந்து, அவருக்கும் தரைக்கும் இடையே முதுகுப்பையையோ கயிற்றையோ இடுங்கள். மறைவு கிடைத்த பின்பே ஈர ஆடையை மாற்ற வேண்டும். மறைவில்லாத இடத்தில் கழற்றினால் இழப்பே அதிகம். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் இனிப்பான பானமும் உணவும் கொடுத்து, குறைந்தது அரைமணி நேரம் ஓய்வெடுக்கச் செய்து, தேறினால் மட்டும் மெல்ல நடத்துங்கள். கை கால்களைத் தேய்க்கக் கூடாது, மது கொடுக்கவே கூடாது. நடுக்கம் நின்று மயக்கநிலை வந்துவிட்டால் படுத்த நிலையிலேயே வைத்து, உலுக்காமல் கையாளுங்கள். குளிர்ந்த இதயம் சிறு அதிர்விலும் தாளம் தவறக்கூடும்.

உதவிக்கு 999-ஐ அழைத்து, முதலில் காவல்துறையையும் பிறகு மலைமீட்புக் குழுவையும் கேளுங்கள். குரல் அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போகலாம். அதற்கு உங்கள் எண்ணை முன்கூட்டியே பதிவுசெய்திருக்க வேண்டும், இதை ஊரில் இருக்கும்போதே செய்துவிடலாம். நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது இங்கே உதவிக்கான குறி. மூன்று முறை ஊதும் ஒலி கேட்டால் அது பதில். வருபவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள், கட்டணமும் வாங்குவதில்லை. மேகம் கவிந்த நாளில் ஹெலிகாப்டர் உச்சியை நெருங்க முடியாமல் அவர்கள் நடந்தே ஏறிவர நேரும். ஆகவே பல மணி நேரம் காத்திருப்பதற்கான உணவும் உடையும் தலைவிளக்கும் ஒவ்வொருவரின் பையிலும் தனித்தனியாக இருக்க வேண்டும்.