கணக்குப் புத்தகத்தில் வாசிக்க வேண்டியவை

அடுக்குகள் பாடத்தைத் தொடங்கிய நாளில், மாணவி ஒருத்தியிடம் கணக்குப் புத்தகத்தை உரக்க வாசிக்கச் சொன்னேன். அவள் மூன்று பத்திகளைத் தாண்டி, நேரே "எடுத்துக்காட்டு 1" என்ற இடத்தில் தொடங்கினாள். மேலே இருப்பதை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டதற்கு, "அது வாசிக்கிறதுக்கு இல்ல சார், சும்மா போட்டிருக்காங்க" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூச்சியமல்லாத எந்த எண்ணின் பூச்சிய அடுக்கும் 1 என வரையறுக்கப்படுகிறது என்று அந்தப் பத்தி முடிந்திருந்தது. ஏன் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, கரும்பலகையில் 8, 4, 2 என்று எழுதினேன். இரண்டின் அடுக்கு 3, 2, 1 என ஒவ்வொரு படியாக இறங்கும்போது மதிப்பு பாதி பாதியாகக் குறைகிறதே, இன்னும் ஒரு படி இறங்கினால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். "ஒண்ணு" என்று கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது. அதற்கும் கீழே இறங்கலாமா என்று அவர்களே கேட்டதால், குறை அடுக்கும் அன்றைக்கே வகுப்புக்குள் வந்துவிட்டது.

நான் சொன்னது இரண்டு மூன்று வாக்கியங்கள்தாம். அவற்றை அச்சிடப் பெரிய இடம் வேண்டியதில்லை. பாடநூலுக்கு உயிரோட்டமான நடை வேண்டும் என்றால் வண்ணப்படமும் கேலிச்சித்திரமும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். படிப்பவரை எதிரே உட்காரவைத்துப் பேசுவதுதான் அந்த நடை. 1150-ஆம் ஆண்டை ஒட்டி கணித அறிஞர் பாஸ்கரர் எழுதிய லீலாவதி என்ற கணக்கு நூல் அப்படித்தான் ஒரு பெண்ணை விளித்துப் பேசுகிறது. வண்டுக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்ப மலருக்கும், மூன்றில் ஒரு பங்கு வேறொரு மலருக்கும், இவ்விரண்டின் வித்தியாசத்தைப்போல் மும்மடங்கு குடசப்பாலைக்கும் போய்விட, மீந்த ஒற்றை வண்டு மல்லிகை மணத்துக்கும் தாழை மணத்துக்கும் இடையே அலைகிறது. மொத்தம் 15 வண்டுகள். விடையை மறந்தவர்களுக்குக்கூட அந்த ஒற்றை வண்டு மறப்பதில்லை.

பாடநூல் எழுதுவோர், கையெழுத்துப் படியைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நான் இப்போது ஒவ்வொரு புதுப் பாடத்துக்கும் முதல் பத்து நிமிடத்தை வாசிப்புக்கே ஒதுக்கி, பிள்ளைகள் தடுமாறும் இடங்களில் பென்சிலால் கோடிடுகிறேன். என் பிரதியில் அதிகக் கோடுகள் விழுந்திருப்பது, "எனப்படும்" என்று முடியும் வரிகளின் அடியில்தான்.