மழைக்குக் கணக்கு எழுதும் குகை

மேகாலயாவின் காசி மலைகளில் குகையைக் ‘கிரெம்’ என்பார்கள். பள்ளியில் நாம் சிரபுஞ்சி என்று படித்த ஊருக்கு அங்கே சோரா என்று பெயர். அதன் பக்கத்தில்தான் இருக்கிறது, சுமார் 7 கிலோமீட்டர் நீளும் கிரெம் மவ்ம்லு.

சோராவில் ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. மண்ணுக்குள் இறங்கும் நீர், வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கார்பன் டை ஆக்ஸைடை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் கரைத்தே குகை உண்டாயிற்று. கரைத்ததைச் சுமந்து வரும் துளி குகைக்கூரையை எட்டியதும், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல வாயு வெளியேறிவிடும், சுண்ணாம்பு படிந்துவிடும். கூரையில் தொங்குவது கல்விழுது, தரையிலிருந்து எழுவது கல்முளை.

கல்முளை ஒவ்வொன்றும் ஒரு மழைக்கணக்கு. நீரிலுள்ள ஆக்ஸிஜனில் கனமான வகையும் உண்டு, இலேசான வகையும் உண்டு. கனமானது மேகத்திலிருந்து முந்தி உதிர்ந்துவிடும்; நிறையப் பொழிந்த மேகத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் இலேசானது. ஆகவே பருவமழை வலுத்த காலத்தில் இங்கே விழும் நீரில் கனமான ஆக்ஸிஜன் குறைவு. மழை பொய்த்த காலத்தில் கூடுதல். கல்லின் ஒவ்வொரு படலமும் அந்த விகிதத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. படலத்தின் வயதைச் சொல்வது யுரேனியம். அது நீரில் கரையும். தோரியம் அநேகமாகக் கரையாது. ஆகவே கல்லுக்குள் இருக்கும் தோரியம் பெரும்பாலும் அங்கேயே யுரேனியம் சிதைந்து பிறந்தது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் ஆண்டு தெரிந்துவிடும்.

மவ்ம்லுவின் ஒரு கல்முளையில், சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய படலங்களில் கனமான ஆக்ஸிஜன் கூடியிருந்தது. பருவமழை தளர்ந்த காலம் அது. அதையே எல்லைக்கல்லாகக் கொண்டு, அன்று தொடங்கி இன்றுவரை நீளும் காலத்துக்கு 2018-இல் புவியியலாளர்கள் ‘மேகாலயன்’ என்று பெயரிட்டார்கள். சிந்துவெளி நகரங்கள் தளர்ந்ததற்கும் இந்த வறட்சிக்கும் எவ்வளவு தொடர்பு என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நாம் வாழும் காலத்துக்கே நம் நாட்டுக் குகையால் பெயர் வந்தது எனக்குச் சிலிர்ப்பான செய்தி.

மனிதருக்கு இந்தக் கல் வேறு வகையிலும் வேண்டியிருந்தது. இம்மலைகளில் வாழும் காசி இன மக்கள் வெற்றிலை பாக்கோடு சுண்ணாம்பு சேர்த்து மெல்லும் ‘குவாய்’ இல்லாமல் விருந்தோம்பல் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் இம்மலைச் சுண்ணாம்பு சில்ஹெட் வழியாகப் படகேறி வங்காளத்துக்குப் போனது. இன்று சிமென்ட்டுக்காக வெட்டுகிறார்கள். குகைக்கு மேலுள்ள பாறையை வெட்டினால் நீர் இறங்கும் தடம் மாறும். துளி விழாத இடத்தில் கல்முளை அதன்பின் வளராது.