புராசஸ் நோட்: முனை அல்ல, கணு

புதிய கிராஃபிக்ஸ் கார்டுகள் தள்ளிப்போவதைப் பற்றிய கட்டுரைகளில் ‘செயல்முறை முனை தாமதம்’ என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஆங்கில ‘புராசஸ் நோட்’ என்பதைத்தான் ‘செயல்முறை முனை’ என்று பெயர்த்திருக்கிறார்கள். இந்த ‘முனை’ பிழையானது. வாசகரைத் தவறான இடத்துக்கே கொண்டுபோகும் பிழை.

‘நோட்’ லத்தீன் ‘நோடஸ்’ வழி வந்தது, பொருள் முடிச்சு. சில்லுத் துறையில் அது உற்பத்தி நுட்பத்தின் ஒரு தலைமுறையைக் குறிக்கும்.

முனை என்றால் கூர்நுனி. ‘16 நானோமீட்டர் முனை’ என்று படிப்பவர், சில்லுக்குள் ஏதோ ஒன்றின் நுனி 16 நா.மீ. அகலம் என்றுதான் எண்ணுவார். தைவானின் சில்லு உற்பத்தி நிறுவனமான டிஎஸ்எம்சியின் 16 நா.மீ. நுட்பத்தில் ஒரு கேட்டிலிருந்து (டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் பகுதி) அடுத்த கேட் வரை சுமார் 90 நா.மீ.; மிக நெருக்கமான உலோகக் கம்பிகளே 64 நா.மீ. தள்ளித்தான் ஓடுகின்றன. அந்தக் கம்பியடுக்கும் 20 நா.மீ. நுட்பத்திலிருந்து எடுத்தாண்டது, முக்கியமாக மாறியது டிரான்சிஸ்டரின் வடிவம்தான். ஆக அந்த எண் அளவு அல்ல, தலைமுறையின் பெயர்.

‘கணு’ இதற்கு அப்படியே பொருந்துகிறது. கரும்பில் கணுக்கள் வரிசையாக வருவதுபோல 130, 90, 65, 45, 32, 22 நா.மீ. என்று இவை அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொன்றும் முந்தையதில் ஏறத்தாழ 0.7 மடங்கு, நீளமும் அகலமும் அப்படிக் குறைந்தால் பரப்பு பாதியாகும். இடையில் விழும் 55, 40, 28 ஆகியவை அரைக்கணுக்கள். கிராஃபிக்ஸ் சில்லுகள் பல ஆண்டுகள் இவற்றில்தான் வந்தன. ‘அரைமுனை’ என்றால் யாருக்கு என்ன புரியும்? கணிமைத் தமிழில் வலைப்பின்னலுக்கும் தரவு மரத்துக்கும் ‘கணு’ ஏற்கெனவே புழங்குகிறது. ‘நோட்’ என்றே எழுதலாமே என்பார்கள். தமிழில் நோட் என்றால் கணக்கெழுதும் நோட்டு.

தாமதத்தைச் சொல்லவும் கணுவே கைகொடுக்கும். 2012 ஜனவரியில் ஏஎம்டியின் ரேடியான் எச்டி 7970 கார்டு 28 நா.மீ. கணுவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த 20 நா.மீ. கணுவில் ஒரே அடுக்கை இருமுறை ஒளியிட்டுப் பதிக்க வேண்டியிருந்ததால் செலவு ஏறியது. அந்த நெருக்கத்தில் தட்டை டிரான்சிஸ்டர்களில் மின்கசிவும் கூடியது. கைபேசிச் சில்லு அதைத் தாங்கியது. 250 வாட் இழுக்கும் கார்டுக்கு ஒத்துவரவில்லை. அதனால் 2015 மார்ச்சில் வந்த என்விடியா டைட்டன் எக்ஸும் 28 நா.மீ.தான், சில்லின் பரப்பு 601 சதுர மி.மீ. கடைசியில் கார்டுச் சில்லு செய்பவர்கள் 20 நா.மீ. கணுவைத் தாண்டியே போனார்கள். 2016 மே மாதம் 16 நா.மீ. கணுவில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 வந்தது: 314 சதுர மி.மீ. பரப்பில் 720 கோடி டிரான்சிஸ்டர்கள். கணுவைத் தாண்டலாம், முனையைத் தாண்டினார்கள் என்று எழுதினால் வாசகர் வேறெதையோ நினைப்பார்.

‘செயல்முறை’யும் வேண்டாம். சமையல் குறிப்பு முதல் கணக்குப் பாடம் வரை எல்லாம் செயல்முறைதான். ‘உற்பத்திக் கணு’ போதும்.

இன்னொன்று, ‘டை ஷ்ரிங்க்’ (die shrink). ‘சில்லுச் சுருக்கம்’ என்று எழுதி, எந்தக் கணு மாற்றத்துக்கும் அதையே ஒட்டிவிடுகிறார்கள். பழைய வடிவமைப்பே சிறிய கணுவுக்கு மாறினால்தான் அது டை ஷ்ரிங்க்: ஜிடிஎக்ஸ் 280இன் 65 நா.மீ. சில்லு 576 சதுர மி.மீ.; அதே வடிவமைப்பு 55 நா.மீ. கணுவில் ஜிடிஎக்ஸ் 285 ஆனபோது 470. புது வடிவமைப்பானால் சில்லு பெரிதாகவும் ஆகலாம். சுருக்கம் என்றால் கட்டுரைச் சுருக்கமும் தோல் சுருக்கமும்தான் முன்னே வரும். இலக்கணத்தில் ஐகாரக் குறுக்கம் இருக்கிறதே: எழுத்து அதேதான், மாத்திரை மட்டும் குறைகிறது. வடிவமைப்பு மாறாமல் பரப்பு குறைவதற்குச் ‘சில்லுக் குறுக்கம்’ என்பதே சரி.